தங்கத்தின் அம்மா

தேங்காய்த்திட்டு
12-7-1957

டீச்சரம்மா செல்வாம்பாள் அவர்களுக்கு, ஐந்தாம் வகுப்பு அஞ்சலையின் தாய் பூவாயி கும்பிட்டு எழுதுவது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அஞ்சலைதான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் நீங்கள் சிவப்பு மையில் சுழித்துவிடுவீர்களாம். அதனால் புத்தகத்தில் இருக்கிற மாதிரி மாற்றி எழுதுகிறேன் என்கிறாள். எப்படியாவது எழுது, கோபம் மட்டும் குறையக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பாடப் புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை என்று நீங்களே ஒரு பாடம் எழுதிக் கரும்பலகையில் போட்டீர்களாம். அதை வீட்டில் இருக்கிறவர்கள் காதில் விழும்படி உரக்கப் படித்துவிட்டு வர வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம் என்றாள். சரி, நல்ல காரியம்தானே என்று காயவைத்த நெத்திலியை அப்படியே விட்டுவிட்டு நான் வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பாலகுரு உட்கார்ந்தார். அவர் தங்கை லட்சுமியும் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாடத்தின் பெயர் 'தடைகளை வென்ற தங்கம்'. தங்கம் ஒரு மீனவப் பெண். அவளுக்குப் படிப்பில் ஆசை. அவள் தாய் மீன் கூடை சுமக்கிறவள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று மகளின் சிலேட்டைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிடுகிறாள். தங்கத்தின் கல்விக்குத் தடையாக இருந்தவை யாவை என்று கீழே ஒரு கேள்வி. அதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்து இவள் எழுதி வந்த விடை: ஒன்று, வறுமை. இரண்டு, தாயின் அறியாமை.

லட்சுமி என் முகத்தைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னாடி பூவாயி, உன்னப் பத்திப் பாடமே போட்டுட்டாங்களா?" என்றார்.

நான் அஞ்சலையைக் கேட்டேன். "யாருடி அந்தத் தங்கத்தோட அம்மா? எந்தக் குப்பம்?"

"தெரியலம்மா. டீச்சர் எழுதனது."

"உங்க கிளாசுல வேற மீன்காரி பொண்ணு யாரு இருக்கா?"

"நான் மட்டுந்தாம்மா."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? பாடம் நடக்கும்போது வகுப்பே இவளைத் திரும்பிப் பார்த்ததாம். நான் எந்தச் சிலேட்டையும் எறிந்ததில்லை. வாங்கிக்கொடுத்தவளே நான்தான். அந்த வரியை நீங்கள் அழிக்கிற வரைக்கும் என் பெண் பள்ளிக்கூடம் வர மாட்டாள்.

இப்படிக்கு,
பூவாயி (கைநாட்டு)

(டீச்சர், இது அம்மா சொல்லாதது. எனக்குப் பள்ளிக்கு வர ஆசை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், தம்பி மடியில் இருக்கிறான். அஞ்சலை.)


புதுச்சேரி
15-7-1957

திருமதி பூவாயி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பாடத்தில் வரும் தாய் கற்பனைப் பாத்திரம். யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. சென்ற ஆண்டு குப்பத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். காரணம் கேட்டு ஆள் அனுப்பினோம். "இனிமே இன்னாத்துக்குப் படிப்பு?" என்ற பதில்தான் வந்தது. அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

ஒரு வரி பிடிக்கவில்லை என்பதற்காக மகளை நிறுத்திவிட்டீர்கள். பாடத்துத் தாய் சிலேட்டை எறிந்தாள். நீங்கள் சிலேட்டை வீட்டில் வைத்துக்கொண்டு படிப்பை நிறுத்தியிருக்கிறீர்கள். வேறுபாடு என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

அஞ்சலை பிழையில்லாமல் எழுதுகிறாள். ஆனால் வாசிக்கச் சொன்னால் முணுமுணுக்கிறாள். முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்பதில்லை. ஆண்டு இறுதியில் ஆய்வாளர் முன்னால் நின்று வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்காதவர்கள் ஐந்தாம் வகுப்பு தேற முடியாது.

இக்கடிதத்தையும் அவளையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். இன்றைய வீட்டுப்பாடமாக அது இருக்கட்டும்.

தங்கள்,
செல்வாம்பாள்


தேங்காய்த்திட்டு
20-7-1957

டீச்சரம்மாவுக்கு பூவாயி எழுதுவது.

உங்கள் கடிதத்தை அஞ்சலை வாசித்தாள். 'வேறுபாடு என்ன' என்கிற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மேல படிடி" என்றேன். படித்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருந்தது. இவளா முணுமுணுக்கிறாள்? இவள் கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் முகத்துவாரத்தில் இருக்கிற அப்பன் திரும்பிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டேன். லட்சுமிதான் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச வைத்தாள்.

ஜூன் மாதம் இவள் வாசிக்க எழுந்தபோது வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்லிவிட்டாளாம். எங்கள் வாயில் அப்படித்தான் வரும். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். அதோடு குரல் உள்ளே போய்விட்டது. பெஞ்சில் பக்கத்தில் இருக்கிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போகிறார்களாம். இவள் ஜன்னலோரம் கடைசியில் தனியாக உட்காருகிறாளாம். இத்தனை நாள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. (சொன்னால் அம்மா வந்து சண்டை போடுவார் என்று சொல்லவில்லை, டீச்சர்.)

மணி அடித்த பிறகு வந்தால் கதவு சாத்திவிடுகிறீர்கள். வெளியே நிற்கவைக்கிறீர்கள். ஏன் தாமதம் என்று ஒரு தரம் கேட்டிருக்கிறீர்களா? விடியும்போது கட்டுமரம் கரைக்கு வரும். நான் மீனை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு ஓட வேண்டும். அப்பன் வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு வருகிற வரைக்கும் கைக்குழந்தை இவள் இடுப்பில். அவர் வந்த பிறகு ஓட்டம். உப்பனாற்றில் தண்ணீர் இருந்தால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும்.

பாடத்தின் கடைசியில் உங்கள் தங்கத்துக்கு ஒரு நல்ல டீச்சர் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. இவளுக்கு டீச்சர் இருந்தும் இத்தனை இருக்கிறது. ஒரு நாள் இங்கே வந்து பாருங்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போது வாருங்கள், சேலை நனையாது.

இன்னொன்று. கடலில் நாங்கள் எதையும் தூக்கி எறிய மாட்டோம். அது சோறு போடுகிற இடம். கோபம் வந்தால் பானையை உடைப்போம், புருஷனைத் திட்டுவோம். சிலேட்டை எறிந்தது எந்த ஊர்க் கதை?

பூவாயி


புதுச்சேரி
29-7-1957

பூவாயி அம்மாளுக்கு,

நேற்று சேலை நனைந்துதான் போயிற்று. எனக்கு மாற்றுச் சேலை கொடுத்து, சுடச்சுடச் சோறு போட்டு அனுப்பினீர்கள். சேலையைத் துவைத்து இத்துடன் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உங்களோடு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் புறப்பட்டு வந்தேன். நீங்களும் அப்படித்தான் காத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். சண்டையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமலே இருவரும் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன். தலைமையாசிரியையிடம் இன்று காலை பேசினேன். இரண்டாம் மணி அடிக்கும் வரை பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். என் வகுப்பில் இனி யாருக்கும் நிலையான இடம் கிடையாது. வாரந்தோறும் எல்லாரும் இடம் மாறி உட்கார வேண்டும். மூக்கைப் பொத்துகிற பெண் யாராக இருந்தாலும் அன்றைய பாடத்தை அவளே எழுந்து வாசிக்க வேண்டும். இன்று மூன்று பேர் வாசித்தார்கள். இதையெல்லாம் ஜூன் மாதமே செய்திருக்கலாம். அஞ்சலை ஜன்னலோரம் உட்காருவதைக் காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் எதிரே சொல்ல வாய் வராத ஒன்றை எழுதுகிறேன். அஞ்சலைதான் இதை வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அஞ்சலை, குரலைத் தாழ்த்தாதே.

சிலேட்டை எறிந்த கதை இந்த ஊர்க் கதைதான். கடலில் இல்லை, எங்கள் வீட்டுக் கிணற்றில். என் தகப்பனார் மேரி என்கிற நகராட்சிக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அது அப்போது வெள்ளைக்காரர் கையில். அண்ணனைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பினார். நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப் பழகினேன். எனக்கு ஒன்பது வயதில், சமையற்கட்டிலிருந்து வந்த என் தாயார் சிலேட்டைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். பிற்பாடு என் சித்தப்பா பிடிவாதமாக நின்று என்னைப் பள்ளியில் சேர்த்தார். பாடம் எழுத உட்கார்ந்தபோது இந்தக் கதைதான் வந்தது. பள்ளியில் எல்லாருக்கும் என் தாயாரைத் தெரியும். அதனால் அந்தத் தாயைக் குப்பத்துக்கு அனுப்பிவிட்டேன்.

செல்வாம்பாள்


தேங்காய்த்திட்டு
3-8-1957

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் அம்மாவை மறைக்க என் கூடைதான் கிடைத்ததா?

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லி எழுதச் சொன்னேன். அஞ்சலை எழுத மாட்டேன் என்றாள். எழுதினால்தான் பள்ளிக்கூடம் என்றேன், எழுதிவிட்டாள். கோபம் இருக்கிறது. இல்லாமல் இருக்குமா? ஆனால் நீங்கள் இதை மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அதை நினைத்தால் கோபம் கொஞ்சம் இறங்குகிறது.

உங்கள் அம்மா உங்களோடுதான் இருக்கிறாரா? இருந்தால் ஒரு தரம் கேளுங்கள், ஏன் எறிந்தீர்கள் என்று. இத்தனை வருஷத்தில் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அறியாமை என்று எழுதுவது சுலபம். ஒரு பெண்பிள்ளை படித்தால் தெரு என்ன பேசும், யார் கட்டிக்கொள்வார்கள் என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எல்லாம் அறிந்துதான் எறிந்திருப்பார்.

திங்கட்கிழமை முதல் அஞ்சலை வருவாள். காலையில் குழந்தையை லட்சுமி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வாசிப்புக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மீன் காயப்போடுகிற மணலில் அந்தக் கோடியில் நான் உட்காருவேன். இந்தக் கோடியில் இவள் நின்று படிக்க வேண்டும். காற்று அடிக்கும், காக்கை கத்தும். எனக்குக் கேட்கவில்லை என்றால் முதலிலிருந்து. நேற்று ஏழெட்டு முறை முதலிலிருந்து. வாழைப்பழத்தை மட்டும் நூறு தரம் சொல்ல வைத்தேன். இப்போது அவள் அப்பனும் வாழைப்பழம் என்றுதான் சொல்கிறார்.

பூவாயி


புதுச்சேரி
21-11-1957

பூவாயி அக்காவுக்கு,

உங்களை அக்கா என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அஞ்சலையிடம் சொல்லி அனுப்புங்கள்.

மழை விட்டபாடில்லை. உப்பனாறு கரை தட்டி ஓடுகிறது என்று மார்க்கெட்டில் சொன்னார்கள். அஞ்சலையை அனுப்பாதீர்கள். விட்டுப்போன பாடங்களை இத்துடன் எழுதியிருக்கிறேன். காலையில் மார்க்கெட்டுக்குப் படகில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினால் விடைகளைத் திருத்தி அவர்களிடமே திருப்பி அனுப்புவேன்.

என் தாயாரைக் கேட்டேன். மூன்று மாதமாக வாய் வராமல், சென்ற வாரம்தான் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "நம்ம சொந்தத்துல படிச்சவன்னு ஒருத்தியையும் நான் பார்த்ததில்ல. படிச்சு நீ எங்க போய் நிப்பியோன்னு பயமா இருந்துச்சு. எறிஞ்ச அன்னிக்கே நானே கிணத்துல எட்டிப் பார்த்தேன். தெரியல." அவ்வளவுதான். பிறகு உலை வைக்கப் போய்விட்டார். நான் அன்று பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனேன்.

பாடத்தைத் திருத்திவிட்டேன். தங்கம் இப்போது குமாஸ்தா வீட்டுப் பெண். கூடையை எடுத்துவிட்டேன். தாயின் அறியாமை என்பதை அடித்துவிட்டுத் தாயின் அச்சம் என்று போட்டிருக்கிறேன். அஞ்சலை வாசித்துக் காட்டுவாள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

செல்வாம்பாள்


தேங்காய்த்திட்டு
27-11-1957

டீச்சரம்மாவுக்கு,

அக்கா என்றே எழுதுங்கள்.

கூரை ஒழுகுகிறது. ஒழுகாத மூலையில் அஞ்சலையும் குழந்தையும் உங்கள் பாடமும் இருக்கிறார்கள். நாங்கள் மற்ற மூலைகளில் இருக்கிறோம். கடலுக்குப் போக முடியாததால் அவள் அப்பனும் வீட்டில்தான். எதிர்க் குடிசை முத்தம்மாளும் வந்துவிடுகிறாள். எல்லாரும் கேட்டோம்.

கூடையை ஏன் எடுத்தீர்கள்? இப்போது பாடத்தில் குப்பமே இல்லை. முதலில் வைத்தபோது கோபம் வந்தது, எடுத்தபோதும் கோபம் வருகிறது, என்ன செய்ய? தங்கம் குமாஸ்தா பெண்ணாகவே இருக்கட்டும். அவளோடு படிக்கிற இன்னொரு பெண்ணை வையுங்கள். அவள் தாய் கூடை தூக்கட்டும். தூக்கிக்கொண்டே பள்ளிக்கூட வாசல் வரைக்கும் மகளைக் கொண்டுவந்து விடட்டும்.

அச்சம் என்று போட்டிருப்பது உங்கள் அம்மாவுக்குச் சரி. கூடைக்காரிக்குப் போடாதீர்கள். எனக்கு எதற்கு அச்சம்?

முத்தம்மாள் கேட்கச் சொன்னாள்: அந்தத் தங்கத்துக்கு அப்புறம் கல்யாணம் ஆயிற்றா இல்லையா?

பூவாயி

(ஆய்வாளர் வரும்போது மழை பெய்தால்கூட நான் வாசிப்பது கேட்கும், டீச்சர். அஞ்சலை.)


புதுச்சேரி
11-2-1958

அக்காவுக்கு,

ஜனவரிக் கடைசியில் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அஞ்சலை பெரியவளாகிவிட்டாள் என்று மார்க்கெட்டில் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. சடங்குக்கு வந்திருப்பேன். அழைப்பு வரவில்லையே என்ற குறை எனக்கு இல்லை. நாள் போய்க்கொண்டே இருக்கிறதே என்ற கவலைதான் இருக்கிறது.

ஏப்ரலில் பரீட்சை. அவள் பெயரை இன்னும் நீக்கவில்லை. தினமும் பெயர் கூப்பிடும்போது அவள் பெயரையும் கூப்பிடுகிறேன். பிள்ளைகள் "வரலை டீச்சர்" என்கிறார்கள்.

இதை யார் வாசித்துச் சொல்வார்கள் என்று தெரியவில்லை. அஞ்சலையே வாசித்தால் நல்லது.

செல்வாம்பாள்


தேங்காய்த்திட்டு
24-2-1958

டீச்சரம்மாவுக்கு,

முதல் கடிதத்தையும் அஞ்சலைதான் வாசித்தாள். நான்தான் பதில் எழுத வேண்டாம் என்றேன். எழுதினால் உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

தை மாதம் உட்கார்ந்துவிட்டாள். (இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மா விட மாட்டேன் என்கிறார்.) மஞ்சள் நீராட்டு முடிந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன் அம்மாவாசை வந்து சட்டமாகச் சொல்லிவிட்டார். இனி வாசல் தாண்டக் கூடாது. தண்ணீர் கடக்கக் கூடாது. வைகாசியில் அவருடைய மைத்துனன் மகனுக்குப் பேசி முடித்துவிடலாம். பையன் நல்ல உழைப்பாளி. இதில் தப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் தலையாட்டினேன். ஆமாம், நான்தான். இங்கே எங்கள் பெண்களை எல்லாம் அப்படித்தான் வைத்தார்கள், என்னையும் வைத்தார்கள். மூன்று வாரம் அஞ்சலை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டாள், மீன் அரிந்தாள். சாயங்காலம் மட்டும் அந்த மணல்கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழையபடி வாய் உள்ளே போய்விட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டால் 'ம்' என்றாள். வகுப்பில் சிரித்த பிள்ளைகள் செய்ததை இப்போது நானே செய்துகொண்டிருக்கிறேனோ என்று தோன்றிவிட்டது.

உங்கள் இரண்டாவது கடிதத்தை அவள் வாசித்தபோது, "வரலை டீச்சர்" என்ற இடத்தில் குரலே வரவில்லை.

மறுநாள் அம்மாவாசை மச்சான் வெற்றிலை பாக்கோடு வந்தார். நான் சொன்னேன்: "பொண்ணு என்கூட மார்க்கெட்டுக்கு வரட்டும் மச்சான். அங்கேர்ந்து பள்ளிக்கூடம் எதிர்லதான். சாயங்காலம் என்கூடவே திரும்பட்டும்."

"வயசுக்கு வந்த பொண்ண ஊர் வழியா நடத்திக் கூட்டினு போவியா?"

"நான் வயசுக்கு வந்தவதான். தெனமும் அதே வழியிலதான் கூடை தூக்கினு போறேன். என்னை இந்த வீட்டுல யாரும் தடுக்கலியே."

"நாலு பேரு பேசுவாங்க."

"அந்த நாலு பேரும் என்கிட்டதான் மீன் வாங்குறாங்க. நேராவே கேட்கட்டும், சொல்றேன்."

அவர் தம்பியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வலை முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர், "பரீட்ச முடியட்டும் அண்ணே. அப்புறம் பேசலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

டீச்சரம்மா, எனக்கு எதற்கு அச்சம் என்று சொன்னவள் நான்தான். கூடைக்காரிக்கும் போட்டுவிடுங்கள். அச்சத்தோடுதான் கூட்டிக்கொண்டு வருகிறேன். நாளைக்கு வருவோம். மார்க்கெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, மணிக்கு முன்னால் வந்துவிடுவாள். பள்ளிக்கூடக் கிணற்றில் கைகால் கழுவிக்கொள்ள விடுங்கள்.

பூவாயி


புதுச்சேரி
26-4-1958

அக்காவுக்கு,

அஞ்சலை தேறிவிட்டாள். வகுப்பில் மூன்றாவது இடம். கணக்கில் கொஞ்சம் குறைவு. பாதகமில்லை.

ஆய்வாளர் வந்த அன்று நடந்ததை அவள் சொன்னாளோ என்னவோ, நான் சொல்கிறேன். மற்ற பெண்கள் வாசிக்கும்போது அவர் காதருகே கையை வைத்துக்கொண்டு குனிந்து கேட்டார். அஞ்சலை முதல் வரியைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். இரண்டாவது பத்தியில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். "போதும்மா, நல்லா இருக்கு. எந்த ஊர் நீ?" என்று கேட்டார். "தேங்காய்த்திட்டு ஐயா" என்று அதையும் அதே குரலில் சொன்னாள். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள்.

ஜூனிலிருந்து எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல். தாயாரையும் அழைத்துக்கொண்டு போகிறேன். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பெண்கள் பள்ளியில் சேர்க்க வேண்டும். அங்கே நான் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் பெற்றவர் நேரில் போக வேண்டும், நான் கூட வர முடியாது.

பரீட்சை முடிந்தபின் பேசலாம் என்றுதானே உங்கள் வீட்டில் முடிவாயிற்று? முடிந்துவிட்டது. அதனால் தேறியதில் வந்த மகிழ்ச்சி பாதி நாள்கூட எனக்குத் தங்கவில்லை. என்ன முடிவு செய்தாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்,
செல்வா


தேங்காய்த்திட்டு
29-6-1958

காரைக்காலில் இருக்கும் டீச்சரம்மாவுக்கு பூவாயி எழுதுவது.

அங்கே வீடு வசதியாக இருக்கிறதா? உங்கள் அம்மாவுக்கு ஊர் பிடித்திருக்கிறதா? நல்ல மீன்காரி கிடைத்தாளா?

ஆய்வாளர் கதையை இவள் எங்களிடம் சொல்லவே இல்லை. உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. அவள் அப்பன் அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுநாள் கரையில் அதே கதை. வலை இழுக்கிறவனிடம் சொன்னார், ஏலம் எடுக்கிறவனிடம் சொன்னார். "எந்த ஊரு நீன்னு கேட்டாராம், தேங்காய்த்திட்டுன்னு சொல்லுச்சாம்" என்று அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வைகாசி பிறந்ததும் அம்மாவாசை மச்சான் வந்தார். நான் என்னென்ன பேச வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். எதற்கும் வேலை இல்லை. என் வீட்டுக்காரரே எழுந்து நின்று, "கோடை வக்கான்ஸ் லீவு முடிஞ்சதும் ஆறாவதுல சேர்க்கப்போறேன் அண்ணே. உன் மச்சான் பையனுக்கு வேற எடம் பாரு" என்றார். அண்ணன் முன்னால் அவர் அப்படி நின்று பேசி நான் பார்த்ததில்லை. மச்சான் வெற்றிலையைத் தொடாமல் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. புதுக் கட்டுமரம் தண்ணீரில் இறக்கின அன்றைக்கும் அவர் வரவில்லை. என் வீட்டுக்காரர் அவர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு வருத்தம்தான். நாளாக நாளாகச் சரியாகலாம்.

பெரிய பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கூடையை வாசல் மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போனோம். பெரிய டீச்சரம்மா பெயர் கேட்டார், ஊர் கேட்டார், கைநாட்டு வைத்தேன். வெளியே வந்தால் கூடையைச் சுற்றி ரெண்டு டீச்சர்கள், கிழங்கான் மீன் என்ன விலை என்று நிற்கிறார்கள். மார்க்கெட்டுக்குப் போகாமலே பாதிக் கூடை அங்கேயே போய்விட்டது.

முதல் நாள் மாலை அழுதுகொண்டு வருவாள் என்று பயந்தேன். பக்கத்து பெஞ்சுப் பெண் நகர்ந்துதான் உட்கார்ந்தாளாம். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாளாம். தெரியும் என்றதும், எத்தனை தூரம், கண்ணைத் திறந்துகொண்டு முங்குவாயா என்று ஒரே கேள்வியாம். இப்போது இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை இங்கே கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்கிறாள். அவள் வீட்டில் சம்மதித்தால் வரட்டும் என்றேன்.

இங்கே எனக்குத்தான் புதுத் தொல்லை. சாயங்காலம் அஞ்சலை வீட்டுப்பாடம் படிக்க ஆரம்பித்தால் முத்தம்மாள் வந்துவிடுகிறாள், லட்சுமி வந்துவிடுகிறாள், மேலக்கரை வீராயி தன் பெண் ஜெயத்தை இழுத்துக்கொண்டு வருகிறாள். பேசாமல் கேட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு வரிக்கும் சண்டை. போன வாரம் பாடத்தில் ஒரு ராஜா புயல் அடிக்கிற ஐப்பசி மாதத்தில் கப்பல் விட்டான் என்று வந்தது. "அந்த மாசத்துல எவன் கப்பல் விடுவான், அந்த ராசாவுக்கு யாரும் சொல்லலியா?" என்று வீராயி கேட்டாள். இதைப் போய் டீச்சரிடம் கேள் என்று அஞ்சலையைப் படுத்துகிறார்கள். கேட்டாளாம். அந்த டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம்.

வீராயி இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஜெயத்தை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டாள். அவள் புருஷனுக்கு இன்னும் சொல்லவில்லையாம். "நான் கூட வரேன்" என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போகிறோம்.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இன்னும் எழுதச் சொல்லலாம். ஆனால் முத்தம்மாள் வந்து உட்கார்ந்துவிட்டாள், வீராயி குரல் கேட்கிறது, என் வீட்டுக்காரர் விளக்குத் திரியைத் தூண்டுகிறார். என்ன பாடம், என்ன பாடம் என்கிறார்கள். அஞ்சலை பேனாவை மூடப்போகிறாள்.

பூவாயி